ப்ளெண்டரில் வழி தெரிய: ஆனித் தேரை ஓட்டிப் பார்த்தபடியே

பாளையங்கோட்டையிலிருந்து வந்த கேள்வி இது: "ப்ளெண்டர் 4.2 போட்டிருக்கேன். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர் ரத வீதியில வர்ற மாதிரி பத்து செகண்ட் அனிமேஷன் பண்ணணும். லேப்டாப் 1366×768, நம்பர்பேட் கெடையாது. எங்கன என்ன இருக்குன்னே பிடிபடல. வச்ச கீபிரேம் திடீர்னு காணாமப் போவுது. ஸ்கிரீன் தானா ரெண்டா பொளந்துக்கிடுது. எந்த பட்டன் எதுக்குன்னு வரிசையா சொல்லுங்க."

பட்டன்களை வரிசையாகச் சொன்னால் நாளைக் காலையில் பாதி மறந்துவிடும். ப்ளெண்டர் என்ற 3டி அனிமேஷன் மென்பொருளில் ஆட்களைத் திணறடிப்பது பட்டன்களின் எண்ணிக்கை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையான சிக்கல் வேறு: ஒரே விசை, மவுஸ் எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்து வேறு வேறு வேலை செய்யும். ஆகவே எந்த விசையைத் தொடும் முன்பும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். மவுஸ் எந்தக் கட்டத்தின் மேல் நிற்கிறது? எந்தப் பொருள் தேர்வில் இருக்கிறது? எந்த மோடில் இருக்கிறீர்கள்? உங்களுடைய மூன்று தொல்லைகளும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

முதலில் பதிப்பு. இங்கே சொல்வது 3.6 முதல் 4.5 வரை பொருந்தும். மாறுகிற இடத்தில் மட்டும் தனியாகச் சொல்கிறேன். 4.0-இலிருந்து ப்ளெண்டருக்கு ஓப்பன்ஜிஎல் (கிராஃபிக்ஸ் சில்லு கைகொள்ள வேண்டிய தரம்) 4.3 தேவை. பழைய லேப்டாப்பில் 4.2 திறக்கவே மாட்டேன் என்றாலோ, திரை கறுத்து நின்றாலோ 3.6 எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு ஓப்பன்ஜிஎல் 3.3 போதும். தேரோட்டத்துக்கு அது தாராளம். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் 2.79 அல்லது அதற்கு முந்தையதைத் தொடாதீர்கள். 2019 ஜூலையில் வந்த 2.80-இல் முகப்பு மொத்தமும் மாறியது. அதற்கு முன் பொருளைத் தேர்வு செய்யவே வலது க்ளிக்தான். அந்தப் பாடத்தைப் பார்த்துக்கொண்டு 4.2-இல் தேடினால் எதுவும் அந்த இடத்தில் இருக்காது.

இப்போது திரை. பழைய திருநெல்வேலி வீட்டில் தார்சா என்றைக்கும் தார்சாதான், அடுக்களை அடுக்களைதான். ப்ளெண்டர் ஜன்னல் அப்படி இல்லை. தடுப்புச் சுவர்களால் பிரித்த அறைகள் இருக்கின்றன. எந்த அறையையும் எந்த வேலைக்கும் மாற்றிக்கொள்ளலாம். அறைக்கு ஏரியா என்று பெயர், அதற்குள் நடக்கும் வேலைக்கு எடிட்டர் என்று பெயர். ஒவ்வொரு ஏரியாவின் மேல்பட்டையிலும் (சிலவற்றில் கீழ்ப்பட்டை) இடது ஓரத்தில் ஒரு சின்னப் படம் இருக்கும். அதைச் சொடுக்கினால் எல்லா எடிட்டர்களின் பட்டியலும் விரியும். டைம்லைன் எங்கேயோ போய்விட்டது என்று பதறுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் படத்தில் தெரியாமல் கை வைத்து வேறு எடிட்டரைத் தேர்ந்திருப்பார்கள். அதே படத்தில் திரும்ப டைம்லைனைத் தேர்ந்தால் முடிந்தது. உங்கள் கீபிரேம்கள் (இந்த பிரேமில் இந்த மதிப்பு என்று குறித்துவைப்பவை) அறைக்குள் இல்லை, கோப்புக்குள் இருக்கின்றன. அறையை மாற்றியதால் எதுவும் அழியாது.

திரை பிளந்துகொள்வதன் காரணம் ஏரியாவின் மூலைகள். மூலைக்கு மவுஸ் போனதும் குறி ஒரு கூட்டல் குறியைப் போல மாறும். அந்த நேரத்தில் அழுத்தி உள்பக்கம் இழுத்தால் அறை இரண்டாகும். பக்கத்து அறைப் பக்கமாக வெளியே இழுத்தால் அந்த அறையை விழுங்கிவிடும். 1366 அகலத் திரையில் மூலைகள் நெருக்கமாக இருப்பதால் இது கை தவறி நடக்கிற காரியம். சரிசெய்ய மூலையோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள கோட்டின் மேல் மவுஸை வைத்து வலது க்ளிக் செய்யுங்கள். ஜாயின் என்று தொடங்கும் வரி வரும், அதன் பெயர் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும். அதைத் தேர்ந்துவிடுங்கள்; எந்த அறை என்று காத்து நின்றால், போக வேண்டிய அறையின் மேல் மவுஸைக் கொண்டுபோய் க்ளிக் செய்யுங்கள். இரண்டு அறைக்கும் அந்தப் பக்கத்து நீளமோ அகலமோ ஒன்றாக இருந்தால் சுத்தமாகச் சேரும். ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இருந்தால் மிச்சம் பிடித்துக்கொண்டு நிற்கும்.

எல்லாமே சிதைந்துவிட்டதா? உச்சியில் லேஅவுட், மாடலிங், அனிமேஷன் என்று வரிசையாக உள்ள தாவல்கள்தான் ஒர்க்ஸ்பேஸ்கள். கடைசியில் உள்ள கூட்டல் குறியைச் சொடுக்கி, ஜெனரல் என்பதன் கீழே அனிமேஷன் என்று தேர்ந்தால் புத்தம் புதிதாக ஒன்று வந்துவிடும். சிதைந்த தாவலை வலது க்ளிக்கில் அழித்துவிடலாம். ப்ளெண்டரையே அழித்து மறுபடி நிறுவுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு அவசியமே இல்லை.

அடுத்து, மவுஸ் விதி. ஜி விசையை எடுத்துக்கொள்ளுங்கள். மவுஸ் 3டி வியூபோர்ட் (பொருள்களைப் பார்த்து வேலை செய்யும் அறை) மேல் இருந்தால் தேர் நகரும். டைம்லைன் மேல் இருந்தால் தேர்வில் உள்ள கீபிரேம் நகரும். ஏ விசை வியூபோர்ட்டில் எல்லாப் பொருள்களையும் தேர்வு செய்யும், டோப் ஷீட்டில் (கீபிரேம்களின் அட்டவணை) எல்லாக் கீபிரேம்களையும். ஆபத்தானது எக்ஸ்: கீபிரேமை அழிப்பதாக நினைத்து மவுஸை வியூபோர்ட்டில் விட்டுவிட்டு எக்ஸ் அமுக்கினால் தேரே போய்விடும். எக்ஸாவது வியூபோர்ட்டில் ஒரு முறை கேட்டுவிட்டு அழிக்கும். டெலிட் விசை கேட்காமலே அழிக்கும். கன்ட்ரோல்-இசட் இருக்கிறதே என்றால், இருக்கிறது, ஆனால் போனதைக் கவனித்தால்தானே.

தமிழ்த் தட்டச்சு இயங்கிக்கொண்டிருந்தால் இந்த ஒற்றை எழுத்து விசைகள் வேலை செய்யாமல் போகலாம். விசை எதுவுமே கேட்கவில்லை என்றால் முதலில் விசைப்பலகை ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, கீழே நான் டூல்-டி என்று எழுதுவது டூல் என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து, டூப்ளிகேட்-டி என்பது டூப்ளிகேட்டின் முதலெழுத்து. தமிழில் இரண்டும் ஒரே டி ஆகிவிடுகிறது, என்ன செய்ய.

உங்கள் திரைக்கு நான்கைந்து மாற்றங்கள் உடனே செய்துகொள்ளுங்கள். எடிட் மெனுவில் ப்ரிஃபரன்ஸஸ் திறந்து, இன்டர்ஃபேஸ் பகுதியில் ரெசல்யூஷன் ஸ்கேல் 1.0 என்று இருப்பதை 0.85 அல்லது 0.9 ஆக்குங்கள். எழுத்து கொஞ்சம் சிறுக்கும், பட்டைகள் முழுசாகத் தெரியும். அப்படியும் மேல்பட்டையின் வலது பக்கம் வெட்டுப்பட்டால் பட்டையின் மேல் மவுஸை வைத்துச் சக்கரத்தை உருட்டுங்கள், பட்டை நகர்ந்து மறைந்தது வெளியே வரும். சின்னத் திரைக்காரர்கள் பல நாள் தேடும் பட்டன்கள் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். ஏதேனும் ஓர் அறையில் மட்டும் வேலை என்றால் மவுஸை அங்கே வைத்துக் கன்ட்ரோல்-ஸ்பேஸ்; அந்த அறை திரை முழுக்க விரியும், மறுபடி அமுக்கினால் சுருங்கும். வியூபோர்ட்டில் என் (N) விசை வலப்பக்கப் பலகையையும் டூல்-டி இடப்பக்கக் கருவிப் பட்டையையும் காட்டி மறைக்கும். இரண்டும் சும்மா திறந்து கிடக்க வேண்டாம், உங்கள் திரையில் இடம் கம்மி.

நம்பர்பேட் இல்லாததற்கு ப்ரிஃபரன்ஸஸில் இன்புட் பகுதியில் எமுலேட் நம்பேட் உண்டு. அதை இட்டால் மேல்வரிசை எண்களே நம்பர்பேட் ஆகும்: 1 முன்பக்கம், 3 வலப்பக்கம், 7 மேலிருந்து, 0 கேமரா வழியே, 5 தூரம் சிறுக்கும் பார்வைக்கும் தட்டையான பார்வைக்கும் மாற. இதற்கு ஒரு விலை உண்டு. எடிட் மோடில் 1, 2, 3 என்பவை புள்ளி, விளிம்பு, முகம் என்று மாற்றும் விசைகள், அவை போய்விடும். அதனால் என் பரிந்துரை, எமுலேட் செய்யாமல், எண் 1-க்கு இடப்பக்கம் நெளிகோடு போட்ட விசையைப் பயன்படுத்துங்கள். அமுக்கினால் எல்லாப் பார்வைகளும் வட்டமாக விரியும். தேரைத் தொலைத்துவிட்டால் அதே வட்டத்தில் வியூ செலக்டட் இருக்கிறது. வியூ மெனுவில் அதன் பெயர் ஃப்ரேம் செலக்டட். மூன்று பட்டன் மவுஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். சக்கரத்தை அமுக்கி இழுத்தால் சுற்றிப் பார்க்கலாம், ஷிஃப்ட் சேர்த்தால் பக்கவாட்டில் நகரலாம், உருட்டினால் கிட்டே போகலாம். மவுஸ் இல்லாவிட்டால் எமுலேட் த்ரீ பட்டன் மவுஸ் என்று அதே இன்புட் பகுதியில் உண்டு, ஆல்ட் பிடித்து இடது பட்டனால் இழுத்தால் சுற்றும். ஆல்ட் சேர்ந்த மற்ற க்ளிக்குகள் அப்போது பறிபோகும்.

திரையின் அடிப்பட்டையை யாரும் பார்ப்பதில்லை. இந்த நொடியில் மவுஸின் எந்தப் பட்டன் என்ன செய்யும் என்று அங்கே எழுதியிருக்கும். நீங்கள் ஜி அமுக்கியதும் எக்ஸ், ஒய், இசட் அமுக்கினால் என்ன ஆகும் என்பது வரை. தெரிந்த வேலை, எங்கே என்றுதான் தெரியவில்லை என்றால் எஃப்3 அமுக்கிப் பெயரைத் தட்டுங்கள். தேடலும் மவுஸ் விதிக்கு உட்பட்டது: டைம்லைன் மேல் நின்றுகொண்டு வியூபோர்ட் கட்டளையைத் தேடினால் வராது.

அனிமேஷன் தாவலுக்குள் போங்கள். இடப்பக்கம் கேமரா வழியே தெரியும் வியூபோர்ட், நடுவே வேலை செய்யும் வியூபோர்ட், கீழே டோப் ஷீட், அதற்கும் கீழே ஒல்லியாக டைம்லைன், வலப்பக்கம் மேலே அவுட்லைனர், கீழே ப்ராப்பர்ட்டீஸ். 1366 திரையில் இரண்டு வியூபோர்ட் அதிகம். கேமரா அறையை ஒரு கீற்றளவுக்கு ஒடுக்கிவிடலாம், அல்லது ஜாயின் செய்துவிட்டு நெளிகோட்டு விசையின் வட்டத்தாலோ வலது மேல் மூலையில் உள்ள கேமராப் படத்தாலோ வேண்டும்போது போய்ப் பார்க்கலாம்.

அவுட்லைனர் என்பது கோப்பில் உள்ள பொருள்களின் பட்டியல். அங்கேயே பெயரை இரண்டு முறை க்ளிக் செய்து தேர்_அடி, தேர்_மேல், கால்_1 என்று வைத்துக்கொள்ளுங்கள், சிலிண்டர்.003 என்று விட்டால் டோப் ஷீட்டில் எது எதுவென்று திணறுவீர்கள். தமிழ்ப் பெயர் உடைந்து தெரிந்தால் ஆங்கில எழுத்தில் தட்டலாம். கண் படம் வியூபோர்ட்டில் மட்டும் மறைக்கும். அதை மூடிவிட்டு ரெண்டர் செய்தால் (இறுதிப் படமாக எடுத்தால்) மறைத்த பொருள் படத்தில் ஜம்மென்று வந்து நிற்கும். ரெண்டரில் வரக்கூடாது என்றால் கேமராப் படத்தை அணைக்க வேண்டும். அது தெரியவில்லை என்றால் அவுட்லைனரின் புனல் படத்தில் போய் வரவழைத்துக்கொள்ளுங்கள்.

ப்ராப்பர்ட்டீஸில் உள்ள தாவல்கள் தேர்வில் இருக்கும் பொருளுக்கேற்ப மாறும். கேமராவின் லென்ஸைத் தேடுகிறீர்கள், தேர் தேர்வில் இருக்கிறது என்றால் அந்தத் தாவலே அங்கே இருக்காது. காணவில்லை என்று சொல்லும் முன் எது தேர்வில் என்று பாருங்கள்.

மோட் பற்றிச் சுருக்கமாக: டேப் அமுக்கினால் ஆப்ஜெக்ட் மோடுக்கும் எடிட் மோடுக்கும் மாறும். வியூபோர்ட்டின் இடது மேல் மூலையில் எது என்று எழுதியிருக்கும். கீபிரேம் வைக்கும் ஐ விசை ஆப்ஜெக்ட் மோடில்தான் கீபிரேம் வைக்கும். எடிட் மோடில் அதே ஐ, முகத்துக்குள் முகம் போடும் இன்செட் கட்டளை. தேரின் சட்டத்தில் திடீரென்று ஒரு வரம்பு முளைத்தால் இதுதான் காரணம். டேப் அமுக்கி வெளியே வந்துவிட்டு வேலையைத் தொடருங்கள்.

கீபிரேம் காணாமல் போவதற்கு வருவோம். டோப் ஷீட்டின் மேல்பட்டையில் அம்புக்குறி போன்ற ஒரு படம் நீலமாக இருக்கும். ஒன்லி ஷோ செலக்டட் என்பது அதன் பெயர், ஆரம்பத்திலேயே போட்டிருக்கும். தேர்வில் உள்ள பொருளின் கீபிரேம்களை மட்டும் காட்டு என்று அர்த்தம். நீங்கள் வெற்றிடத்தில் க்ளிக் செய்து தேர்வைக் கலைத்ததும் கீபிரேம் குறிகள் எல்லாம் மறைகின்றன. டைம்லைனும் வழக்கமாக அப்படித்தான். தேரைக் க்ளிக் செய்யுங்கள், திரும்ப வந்துவிடும். எல்லாப் பொருளும் எப்போதும் தெரிய வேண்டும் என்றால் அந்த அம்பை அணைத்துவிடுங்கள். அப்படியும் தெரியவில்லை என்றால் பார்வை எங்கோ தள்ளிப்போயிருக்கும்: மவுஸை டோப் ஷீட்டில் வைத்து ஹோம் விசை.

கீபிரேம் உண்மையில் விழுந்ததா என்பதை நிறம் சொல்லும். என் (N) பலகையில் ஐட்டம் தாவலில் உள்ள எண் பெட்டிகளைப் பாருங்கள். மஞ்சள் என்றால் இந்த பிரேமிலேயே கீபிரேம் இருக்கிறது. பச்சை என்றால் இந்தப் பெட்டிக்கு அனிமேஷன் உண்டு, ஆனால் கீபிரேம் வேறு பிரேமில். ஆரஞ்சு என்றால் மதிப்பை மாற்றினீர்கள், இன்னும் கீபிரேம் வைக்கவில்லை. பிரேமை நகர்த்தினால் மாற்றம் போய்விடும். ஊதா என்றால் டிரைவர் (வேறொரு மதிப்பைப் பார்த்து இதை மாற்றும் இணைப்பு) ஓட்டுகிறது, கையால் கீபிரேம் வைக்க முடியாது. "வச்சேன், போயிடுச்சு" என்பதில் பாதிக்கு மேல் அந்த ஆரஞ்சுதான்.

ஐ விசையில் பதிப்பு வேறுபாடு உண்டு. 3.6-இல் ஐ அமுக்கினால் லொக்கேஷன், ரொட்டேஷன் என்று மெனு வரும். 4.1 முதல் மெனு வராது, இடம், திருப்பம், அளவு மூன்றுக்கும் நேரே வைத்துவிடும். மெனு வேண்டும் என்றால் கே விசை. ஒரே ஒரு அச்சுக்கு மட்டும் வேண்டும் என்றால் எண் பெட்டியின் மேல் வலது க்ளிக், இன்செர்ட் சிங்கிள் கீபிரேம். தேருக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். தேவையில்லாத ஒன்பது கோடுகள் கிராஃப் எடிட்டரில் பின்னிக் கிடக்காது.

டைம்லைனின் நடுவே உள்ள வட்டப் பொட்டு ஆட்டோ கீயிங். அது எரிந்துகொண்டிருந்தால் நீங்கள் தொட்டு நகர்த்துவதெல்லாம் கீபிரேம் ஆகும். அதோடு என் (N) பலகையில் வியூ தாவலில் கேமரா டு வியூ போட்டிருந்தால், கேமரா வழியே சும்மா சுற்றிப் பார்த்ததும் கேமராவின் கீபிரேமாகப் பதியும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுவைக்காதீர்கள்.

இனி தேர். முதலில் ப்ராப்பர்ட்டீஸில் அச்சுப்பொறி போன்ற படம் உள்ள அவுட்புட் தாவலில் பிரேம் ரேட்டை 25 ஆக்குங்கள். ஆரம்பத்தில் 24 இருக்கும், முடிவு பிரேம் 250. 25 என்றால் 250 பிரேம் சரியாக பத்து விநாடி. இதைக் கீபிரேம் வைப்பதற்கு முன்பே செய்யுங்கள். பிறகு மாற்றினால் கீபிரேம்கள் அதே பிரேம் எண்ணில் நிற்கும், நேரம் மட்டும் மாறும்.

தேர்க்கால் ஒரு சிலிண்டர். சேர்த்ததும் அச்சு செங்குத்தாக இருக்கும். ஆர், எக்ஸ், 90, என்டர் என்று கொடுத்துப் படுக்கவைத்து, கன்ட்ரோல்-ஏ அமுக்கி ரொட்டேஷன் அண்ட் ஸ்கேல் என்பதைத் தேர்ந்துவிடுங்கள். இந்த அடியை விட்டால் பிறகு சக்கரம் உருளாமல் தட்டாமாலை சுற்றும், ஏனென்று கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் போகும். காலில் ஏதாவது ஒரு கோடோ பூவோ வரைந்துவையுங்கள். வழவழப்பான சிலிண்டர் சுற்றினாலும் கண்ணுக்குத் தெரியாது. பிறகு கால்களைத் தேர்ந்து, கடைசியாக ஷிஃப்ட் பிடித்துத் தேர்_அடியைத் தேர்ந்து, கன்ட்ரோல்-பி, ஆப்ஜெக்ட். கடைசியாகத் தேர்ந்ததுதான் தாய்ப்பொருள். வரிசை மாறினால் தேர் காலுக்குப் பின்னால் ஓடும். தேர்_மேல் பொருளையும் அதேபோல் கட்டுங்கள்.

தேர் காரைப் போல வழுக்கிக்கொண்டு போகாது. வடம் இறுகும், அசையும், கொஞ்ச தூரம் ஓடும், சறுக்குக்கட்டை விழுந்ததும் நிற்கும், மறுபடி புறப்படும். அதை நான்கு கீபிரேமில் சொல்லலாம். தேர்_அடியின் லொக்கேஷன் எக்ஸுக்கு மட்டும்:

பிரேம் 20 — 0 மீ
பிரேம் 110 — 3 மீ
பிரேம் 150 — 3 மீ
பிரேம் 240 — 5 மீ

முதல் ஓட்டம் 3.6 விநாடியில் 3 மீட்டர், ஆள் மெதுவாக நடக்கும் வேகம். 110-க்கும் 150-க்கும் மதிப்பு ஒன்றாக இருப்பதால் தேர் அசையாது நிற்கும். அந்த இரண்டாவது 3 மீட்டரை வைக்க மறந்தால் 110-இலிருந்து 240 வரை ஊர்ந்துகொண்டே இருக்கும்.

காலைக் கையால் சுற்றவிடாதீர்கள். தேரின் வேகத்தை மாற்றும்போதெல்லாம் காலையும் மாற்ற வேண்டிவரும். டிரைவர் போடுங்கள். தேர்_அடியின் லொக்கேஷன் எக்ஸ் பெட்டியில் வலது க்ளிக், காப்பி அஸ் நியூ டிரைவர். கால்_1-ஐத் தேர்ந்து ரொட்டேஷன் ஒய் பெட்டியில் வலது க்ளிக், பேஸ்ட் டிரைவர். மறுபடி அதே பெட்டியில் வலது க்ளிக், எடிட் டிரைவர். வகை ஸ்கிரிப்டட் எக்ஸ்ப்ரஷன்தானா என்று பார்த்து, எக்ஸ்ப்ரஷன் பெட்டியில் அங்கே உள்ள மாறியின் பெயரை எழுதி, வகுத்தல் குறி போட்டு, காலின் ஆரத்தை மீட்டரில் எழுதுங்கள். ஆரம் 0.9 என்றால் மாறி / 0.9. டிரைவருக்குள் கோணம் ரேடியனில் நடப்பதால் தூரத்தை ஆரத்தால் வகுத்தாலே கோணம் வந்துவிடும், பை எதுவும் பெருக்க வேண்டாம். சரிபார்க்க: பிரேம் 110-இல் கால் சுமார் 191 டிகிரி சுழன்றிருக்க வேண்டும், அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூட. பின்னோக்கிச் சுற்றினால் முன்னால் ஒரு கழித்தல் குறி. மற்றக் கால்களுக்கும் அந்த டிரைவரையே காப்பி டிரைவர் என்று எடுத்து ஒட்டலாம்.

இப்போது கிராஃப் எடிட்டர். டோப் ஷீட் அறையின் மூலைப் படத்தில் மாற்றிக்கொள்ளலாம்; மவுஸை அங்கே வைத்துக் கன்ட்ரோல்-டேப் அமுக்கினாலும் மாறும். டோப் ஷீட் எப்போது என்று சொல்லும், கிராஃப் எடிட்டர் எப்படி என்று சொல்லும். கிடைக்கோடு நேரம், செங்கோடு மதிப்பு. எக்ஸ் சிவப்பு, ஒய் பச்சை, இசட் நீலம். கோடு செங்குத்தாக ஏறினால் வேகம், படுத்தால் நிற்கிறது. நீங்கள் வைத்த கீபிரேம்கள் பெசியர் வளைவாக இருக்கும், அதாவது மெல்லப் புறப்பட்டு மெல்ல நிற்கும். புறப்படும்போது அது தேருக்குப் பொருந்தும். நிற்கும்போது பொருந்தாது, கட்டை விழுந்த தேர் வெடுக்கென்று நிற்கும். 110-இல் உள்ள புள்ளியைத் தேர்ந்து வி அமுக்கி வெக்டர் கொடுங்கள்; வளைவு நேர்கோடாக வந்து முட்டி நிற்கும். கைப்பிடி வகை ஆட்டோ கிளாம்ப்டு என்றிருக்கும் வரை 110–150 இடைவெளி தட்டையாக இருக்கும். வெறும் ஆட்டோமேட்டிக் ஆக்கிவிட்டால் கோடு 3 மீட்டரைத் தாண்டிப் புடைத்துத் திரும்பும். நின்ற தேர் முன்னும் பின்னும் நகர்வதாகத் தெரியும். கோடே கண்ணில் படவில்லை என்றால் மறுபடி ஹோம். டிகிரியில் ஓடும் கோட்டையும் மீட்டரில் ஓடும் கோட்டையும் ஒன்றாகப் பார்க்கும்போது ஒன்று வானத்திலும் ஒன்று தரையிலும் கிடக்கும்; மேல்பட்டையில் நார்மலைஸ் போட்டால் இரண்டும் ஒரே உயரத்துக்கு வரும். அது பார்ப்பதற்கு மட்டும்தான், மதிப்பு மாறாது.

தேர் என்று நம்பவைப்பது கால் இல்லை, மேலே ஆடும் அலங்காரம். நின்றதும் உச்சி ஒரு முறை முன்னால் போய்த் திரும்பும். தேர்_மேல் பொருளின் ரொட்டேஷன் ஒய்: பிரேம் 110-இல் 0, 116-இல் 1.5, 124-இல் −0.8, 132-இல் 0.4, 140-இல் 0. இதற்கு அந்தப் பொருளின் மையப்புள்ளி அதன் அடியில் இருக்க வேண்டும். நடுவில் இருந்தால் உச்சி முன்னே போகும்போது அடி பின்னே போகும், பூட்டுக் கழன்றதுபோலத் தெரியும். 3டி கர்சரை அடிப்பாகத்தில் வைத்து, ஆப்ஜெக்ட் மெனுவில் செட் ஒரிஜின், ஒரிஜின் டு 3டி கர்சர். தொம்பைகள் (தேரில் தொங்கும் துணிக் குழல்கள்) தனிப் பொருள்களாக இருந்தால் இதே கீபிரேம்களை டோப் ஷீட்டில் கன்ட்ரோல்-சி, அந்தந்தத் தொம்பையின் ரொட்டேஷன் ஒய்யில் ஒட்டும் பிரேமிலேயே ஒரு கீபிரேம் வைத்துவிட்டுக் கன்ட்ரோல்-வி; ஒட்டும்போது தற்போதைய பிரேமிலிருந்துதான் தொடங்கும், ஆகவே முதலில் 113-க்கும் அடுத்ததற்கு 115-க்கும் போய் ஒட்டுங்கள். ஒரே நேரத்தில் ஆடாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஆடும். பக்கத்தில் இன்னொரு பிரதி வேண்டும் என்றால் ஷிஃப்டுடன் டூப்ளிகேட்-டி. எஸ் அமுக்கினால் கீபிரேம்கள் தற்போதைய பிரேமை மையமாக வைத்து விரியும் அல்லது சுருங்கும்.

ஓட்டிப் பார்க்க ஸ்பேஸ். அம்பு இடது வலது ஒரு பிரேம், மேல் கீழ் அடுத்த கீபிரேமுக்கு, ஷிஃப்டுடன் இடது முதலுக்கு. தேர் ஆமை வேகத்தில் போகிறதே என்று கீபிரேமைத் திருத்தாதீர்கள். டைம்லைனின் பிளேபேக் மெனுவில் சிங்க் என்பது ப்ளே எவ்ரி பிரேம் என்று இருக்கும். லேப்டாப் திணறினால் ஒவ்வொரு பிரேமாக மெதுவாகக் காட்டும். ஃப்ரேம் ட்ராப்பிங் ஆக்கினால் சில பிரேம்களைத் தாண்டி சரியான நேரத்தில் ஓடும். நாகஸ்வரம், தவில் ஒலி சேர்த்திருந்தால் சிங்க் டு ஆடியோ. வியூபோர்ட் ஷேடிங்கை சாலிட் நிலையிலேயே வையுங்கள். நேரத்தை உறுதியாகப் பார்க்க வியூ மெனுவில் வியூபோர்ட் ரெண்டர் அனிமேஷன் போட்டு, வரும் படத்தைப் பாருங்கள்.

கடைசி ரெண்டருக்கு நேரே வீடியோவாக எழுத வேண்டாம். அவுட்புட்டில் பிஎன்ஜி தேர்ந்து, தேர்_படங்கள் போல ஒரு கோப்புறை கொடுங்கள். கொடுக்காவிட்டால் டெம்ப் கோப்புறையில் போய் விழும். நடுவில் கரன்ட் போனால் பாதி எழுதிய வீடியோ திறக்காமல் போகலாம், பிஎன்ஜி என்றால் முடிந்த பிரேம்கள் அப்படியே இருக்கும். திரும்பத் தொடங்க, கடைசியாக எழுதிய ஒரு படத்தை மட்டும் அழித்துவிட்டு (அது அரைகுறையாக இருக்கலாம்), ஓவர்ரைட் என்பதை அணைத்துக் கன்ட்ரோல்-எஃப்12. இருப்பதைத் தாண்டி மிச்சத்தை மட்டும் செய்யும். பிறகு வீடியோ எடிட்டிங் ஒர்க்ஸ்பேஸில் படங்களை வரிசையாகச் சேர்த்து, எஃப்எஃப்எம்பெக் வீடியோ, எம்பெக்-4, எச்.264 என்று தேர்ந்து வீடியோ ஆக்குங்கள். ஆடியோ கோடெக் ஆரம்பத்தில் நோ ஆடியோ என்றே இருக்கும். ஏஏசி ஆக்க மறந்தால் தவில் கேட்காது.

அடுத்தவர் கொடுத்த கோப்பைத் திறந்ததும் உங்கள் அறைகள் எல்லாம் மாறிப்போகும், ஏனென்றால் முகப்பு அமைப்பும் கோப்புக்குள்தான் சேமிக்கப்படுகிறது. திறக்கும் சாளரத்தில் பற்சக்கரப் படத்தைச் சொடுக்கி லோட் யூஐ என்பதை எடுத்துவிட்டால் உங்கள் அமைப்பே இருக்கும். உங்களுக்குப் பிடித்தபடி அறைகளை ஒதுக்கியபின் ஃபைல் மெனுவில் டிஃபால்ட்ஸ், சேவ் ஸ்டார்ட்அப் ஃபைல். அடுத்த முறை அப்படியே திறக்கும். அந்த நேரத்தில் திறந்துள்ள தேரும் சேர்ந்து பதிந்துவிடும், ஆகவே புதுக் கோப்பில் இதைச் செய்யுங்கள்.

தலைப்பு எழுத்து ஒன்று பாக்கி. "நெல்லையப்பர் ஆனித் தேர்" என்று டெக்ஸ்ட் பொருளில் தட்டினால் எ, ஏ, ஐ கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். இந்தப் பதிப்புகளில் டெக்ஸ்ட் பொருளுக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாது, ஃபான்ட் மாற்றியும் பயனில்லை. இன்க்ஸ்கேப்பில் எழுதி, பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்து, எஸ்விஜி ஆகச் சேமித்து, ப்ளெண்டரில் ஃபைல், இம்போர்ட் வழியே எடுங்கள். வளைகோடுகளாக வரும், தடிமன் கொடுக்கலாம். வந்ததும் பொடியாக மையத்துக்குப் பக்கத்தில் கிடக்கும். அவுட்லைனரில் பெயரைத் தேர்ந்து, மவுஸை வியூபோர்ட்டுக்குக் கொண்டுவந்து, ஃப்ரேம் செலக்டட்.